வியாகப்பனின் இடது கால்

இது நான் நேரில் பார்த்ததல்ல. சொன்னவர் வியாகப்பனின் ஊர் மாதா கோயிலில் மணி அடிப்பவர். வியாகப்பனின் மனதுக்குள் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவரே பிறகு சொன்னதுதான்" என்றார். கேட்டதை எழுதுகிறேன்.

வியாகப்பன் உப்பளத் தொழிலாளி. பதினாறு வயதில் உப்புப் பாத்தியில் இறங்கியவருக்கு இப்போது ஐம்பது முடிந்துவிட்டது. அந்தக் கோயிலின் பாதிரியாரான கஸ்பார் சாமிக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம்தான் இரண்டு வருடமாக வேதபாடம் படித்துவந்தார் வியாகப்பன்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் தொடக்கத்தில் சாமி அவரிடம் ஒன்று கேட்டிருந்தார். உப்பளக் குடியிருப்பிலிருந்து கோயிலுக்கு நாலு மைல். வயதானவர்களால் நடக்க முடியவில்லை. ஈஸ்டரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அங்கே செபம் நடத்த ஓர் ஆள் வேண்டும்.

"நீங்க நடத்துங்க அண்ணே."

"ரெம்ஜியுஸ் சார் இருக்காரே சாமி."

ரெம்ஜியுஸ் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் கோயிலில் பைபிள் வாசகம் வாசித்தால் அழுகிற குழந்தைகூடச் சும்மா இருக்கும்.

"அவரை நான் கேக்கலியே."

"அவர் வாசிச்சதைக் கேட்ட காதுல நான் வாசிச்சா எப்படி இருக்கும்? வாயைத் திறக்குமுன்னே அவர் குரல்தான் ஞாபகம் வருது. பாத்தியில நின்னாலும் வருது. இந்த நினைப்பை எப்படி சாமி விடுறது?"

சாமி மேசையில் இருந்த ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார்.

"பெரிய வியாழன் பாதம் கழுவுற பன்னிரண்டு பேர்ல உங்க பேரையும் எழுதியிருக்கேன். வந்திருங்க."

இயேசு தன் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால் வரும் அந்த வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். கேட்டதற்கு இது பதிலா என்று வியாகப்பனுக்குப் புரியவில்லை. ஆனால் புதிதாக ஒரு கவலை வந்து சேர்ந்தது. பட்டியலில் அவருக்கு முந்திய பெயர் ரெம்ஜியுஸ் சாருடையது. பக்கத்து நாற்காலி.

சாரின் கால் நாற்பது வருடம் ஷூவுக்குள் இருந்த கால். வியாகப்பனின் காலை உப்புத்தண்ணீர் அரித்திருந்தது. குதிகாலில் வெடிப்பு, விரலிடுக்கில் புண், கணுக்கால்வரை கறுப்பு.

அந்த ஊரில் பாதம் கழுவும்போது வலது காலை மட்டும்தான் நீட்டுவார்கள். எனவே அவர் வலது காலை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் எலுமிச்சம்பழத் தோல், தேங்காய் நார், செங்கல் துண்டு. தினமும் வேலை முடிந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்தார்.

அவர் மனைவி ஆக்னஸ் வாளியோடு வந்து நின்று பார்த்தாள்.

"ஒத்தக் கால் மட்டும் எங்க கல்யாணத்துக்குப் போகுது?"

"பேசாம போ."

"மத்த கால் கோவிச்சுக்கப் போகுது."

புதன்கிழமை செங்கல் பட்டு ரத்தம் கசிந்தது. ஆனால் கால் வெளுத்திருந்தது. அவருக்குத் திருப்தி.

வியாழக்கிழமை மதியம்வரை உப்பு வாரும் வேலை. வலது காலில் பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன மாமா, அந்தக் காலை வித்துட்டீரா?"

கோயிலில் மாலைப் பூசையில் பன்னிரண்டு பேரும் வெள்ளைத் துண்டு போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். வியாகப்பன் கடைசி நாற்காலி. "காட்டிக்குடுத்த யூதாசு இடம் உமக்கு" என்று முன்பே யாரோ காதைக் கடித்திருந்தார்கள். அவர் கவனம் அதில் இல்லை. இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, சாரின் காலையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பரவாயில்லை. சாருடையது கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான்.

சாமி முழங்காலிலேயே நகர்ந்து வந்தார். பதினோரு பேர் முடிந்து வியாகப்பன் முன் வந்தார். வியாகப்பன் வலது காலை நீட்டினார்.

சாமி அதைப் பார்த்தார். செங்கல் கீறல்களைப் பார்த்தார். செம்பைச் சாய்க்கவில்லை.

"மத்த கால் அண்ணே" என்றார் மெதுவாக.

"வலது கால்தானே சாமி?"

"மத்தது."

"அது வேண்டாம் சாமி. இன்னிக்கு அளத்துல நின்ன கால்."

"தெரியும்."

"பக்கத்துல சார் இருக்காரு."

சாமி செம்பைப் பிடித்தபடி முழங்காலில் அப்படியே இருந்தார். பாடகர்கள் பாட்டை முடித்துவிட்டு, இங்கே முடியாததைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். முன்வரிசையில் தலைகள் எட்டிப் பார்த்தன. எழுந்து போய்விடலாமா என்று வியாகப்பனுக்குத் தோன்றியது. போனால் ஈஸ்டர் செபமும் இல்லை, சாமியின் முகத்தில் இனி விழிக்கவும் முடியாது.

நாற்காலிக்கு அடியிலிருந்து இடது கால் வெளியே வந்தது. வெடிப்புக்குள் உப்பு வெள்ளையாக நின்றது.

சாமி தண்ணீர் ஊற்றினார். விரலிடுக்குகளில் தன் விரலை விட்டுக் கழுவினார்.

"எரியுதா?"

"எரியுது சாமி."

துடைத்தார். குனிந்து குதிகாலில் முத்தம் வைத்தார். பாத்திரத்தில் தண்ணீர் கலங்கியிருந்தது. வியாகப்பன் அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அப்போது மறந்திருந்தார்.

பூசை முடிந்ததும் உடைமாற்றும் அறைக்குப் போனார்.

"ஏன் சாமி இந்தக் காலைக் கேட்டீங்க?"

கஸ்பார் சாமி நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அந்தக் காலை ரெம்ஜியுஸ் சாருக்காகக் கழுவிட்டு வந்திருந்தீங்க. ஆண்டவருக்குன்னு மிச்சம் இருந்தது இதுதான்."



மணி அடிப்பவர் சொன்னது சரிதானா என்று தெரிந்துகொள்ள, இந்த வருடம் ஒரு ஞாயிறு மாலை உப்பளக் குடியிருப்புக்குப் போனேன். செபத்தை வியாகப்பன்தான் நடத்தினார். இரண்டு இடங்களில் தடுமாறி, திரும்ப வாசித்தார். செருப்பை வாசலில் விட்டிருந்தார். இரண்டு கால்களும் ஒரே கறுப்பாக இருந்தன.