கிளிப்பச்சைச் சேலை

ஒரு ஊர்ல, ஒத்த ரூம் வீட்ல, கருத்தபாண்டின்னு ஒரு பெயிண்டர் இருந்தான். பொண்டாட்டி பேரு கனி. அவளுக்கு ஒம்பதாம் மாசம். ம் சொல்லு. சொல்லலேன்னா இங்கயே நிறுத்திடுவேன்.

ம். அப்படித்தான்.

பொறக்கப்போற பிள்ளைக்குத் தனி ரூமுக்கு எங்க போறது? மூலையில நாலடி எடம் ஒதுக்குனான். கடைகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறப்ப டப்பா அடியில கொஞ்சம் மிஞ்சும்ல, அந்த மஞ்சளையும் நீலத்தையும் கேட்டு வாங்கிட்டு வந்து, சர்ரு சர்ருன்னு சுவத்துல அடிச்சான். அப்புறம் வளைகாப்புல மிஞ்சுன கண்ணாடி வளையலைக் கோத்துத் தொங்கவிட்டான். காத்தடிச்சா கிலுங் கிலுங். அப்புறம் ஸ்டூல் மேல ஏறி, உத்தரத்துல டக்கு டக்குன்னு ஒரு கொக்கி அடிச்சான், தூளி கட்ட.

"பரண்ல எங்கம்மா சேலை இருக்கு, எடுங்க"ன்னா கனி. "கிளிப்பச்சை. செவப்பு நூல்ல ஒட்டுப் போட்டிருக்கும்."

எங்க எடுக்குறது? முந்தாநாள்தான் பரணைச் சுத்தம் பண்ணி, பழந்துணியெல்லாம் பாத்திரக்காரர்கிட்ட போட்டு, பிள்ளைக்குன்னு ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கியிருந்தான். அதுல பெருமை வேற, கூறுகெட்டவனுக்கு.

கனியோட அம்மா போன வருசம்தான் போய்ச் சேந்தா. அஞ்சு பிள்ளையையும் அந்தச் சேலையிலதான் ஆட்டுனா. 'உன் பிள்ளையை நான் ஆட்ட முடியாது, இதுவாச்சும் ஆட்டட்டும்'னு கனி கையில குடுத்துட்டுத்தான் கண்ணை மூடுனா. சேலை போயிருச்சுன்னு கேட்டதும் கனி கத்தல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. திட்டியிருந்தாக்கூட அவன் தாங்கியிருப்பான்.

கேக்குறியா? ம்.

அப்போ அவன் தேடிக் கெளம்புனான். தெருத்தெருவா அலைஞ்சு பாத்திரக்காரரைப் பிடிச்சான். "அதை அன்னைக்கே பழந்துணிக் கடையில போட்டுட்டேனே தம்பி"ன்னாரு. அப்புறம் பழந்துணிக் கடைக்கு ஓடுனான். "பச்சையா? கட்டட வேலைக்கு வந்திருக்கிற ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போச்சே, ரயில்வே கேட்டுக்கிட்ட"ன்னாரு கடைக்காரர். அப்புறம் அங்க ஓடுனான். கலவை மிஷின் கடகடன்னு சுத்துது. ரெண்டு தூணுக்கு நடுவுல கிளிப்பச்சையில ஒரு தூளி தொங்குது. உள்ள ஒரு பிள்ளை நல்லாத் தூங்குது. விரல் அஞ்சு மட்டும் வெளிய தெரியுது.

எப்படிக் கேப்பான்? வீட்டுக்கு வந்து கண்டதைச் சொன்னான்.

கனி எந்திரிச்சு உக்காந்தா. "என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

ரெண்டு பேரும் மெல்ல மெல்ல நடந்து போனாங்க. அவங்க போறப்ப பிள்ளை முழிச்சு ஞை ஞைன்னு அழுதுச்சு. அம்மாக்காரி தலையில செங்கலோட மாடிப்படியில நிக்கிறா. கனி போய்த் தூளியைப் பிடிச்சு ஆட்டுனா. செவப்பு நூல் ஒட்டு அவ கைக்குள்ளயே வந்துச்சு. அம்மா நெனப்பு முட்டிக்கிட்டு வந்து, அவளும் அழுதா. பிள்ளை அழுகையை நிறுத்திருச்சு.

அந்தப் பொண்ணு செங்கலை எறக்கி வெச்சுட்டு ஓடியாந்தா. கருத்தபாண்டி தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்ததைச் சொன்னான். அவ பிள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுட்டு, சேலையை அவுக்க ஆரம்பிச்சா. "எடுத்துக்கங்கக்கா. நான் சாக்குல கட்டிக்கிறேன்."

கனி அவ கையைப் பிடிச்சு நிறுத்துனா. "வேணாம் தாயி. ஒரு பிள்ளையைத் தூக்கிட்டா எங்கம்மா லேசுல எறக்க மாட்டா. அங்கயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும், தெனமும் கட்டுற தன்னோட நூல் சேலை ஒண்ணை மடிச்சுப் புருசன் கையில குடுத்தா. "இதைக் கட்டுங்க. நம்ம பிள்ளை இதை அம்மா சேலைன்னு சொல்லட்டும்."

அவன் இறுக்க முடிச்சுப் போட்டான். வயித்துப் பிள்ளை துள்ளுதுன்னு, அவன் கையை எடுத்துத் தன் வயித்துல வெச்சா கனி.

ம்? சத்தத்தையே காணோம். கதை ஆடி நின்னுருச்சு கண்ணு, தூங்கு.