வாலுக்கு மாறிய களிமண்

குளத்துச் சேற்றில் யானைக்குட்டி ஒன்று முழங்கால் வரை புதைந்து நின்றது. தாய் யானை கூட்டத்தோடு மலைக்கு அப்பால் சென்றுவிட்டது. குட்டியின் பிளிறல் மலையைத் தாண்டவில்லை.

கரையில் தேவாங்கு மூங்கிலால் ஒரு ராக்கெட் செய்துகொண்டிருந்தது. ராக்கெட் உயரே சென்று சிவப்புப் பாராசூட்டை விரித்தால், யானைகள் கண்டு திரும்பும். வெடிமருந்துக் குழல்கள் இரண்டே இருந்தன. இரண்டு நாள் உறங்காத தேவாங்கின் கண்கள் எரிந்தன.

"மூக்கில் எதற்குக் களிமண்?" என்று கேட்டது மயில்.

"முன்பாரம் இருந்தால்தான் நேராகப் போகும், மயிலாரே. நூலில் கட்டிச் சுழற்றினால் மூக்கு முன்னே நிற்க வேண்டும்."

"என்னைப் பார்! பாரமெல்லாம் வாலில். நான் பறக்கவில்லையா?"

"பறப்பீர், பறப்பீர்! புதர் உயரத்துக்கு!" என்றது குளக்கரைத் தவளை.

"வாயை மூடு! களிமண்ணை வாலுக்கு மாற்று, தேவாங்கே!"

தேவாங்குக்கு மறுமொழி தெரியும்; சொல்லத்தான் தெம்பில்லை. வாதாடுவதைவிட மாற்றிவிடுவது எளிதாகத் தோன்றியது. மாற்றியது. சுழற்றியும் பார்க்கவில்லை.

திரி பற்றியது. ராக்கெட் பனை உயரம்கூட எழவில்லை. குட்டிக்கரணம் அடித்து, புதருக்குள் பாய்ந்து உடைந்தது.

"தேவாங்கு அத்தை, சேறு வயிற்றுக்கு வந்துவிட்டது!" என்று அலறியது குட்டி.

"எல்லாம் காற்றின் குற்றம்!" என்றது மயில்.

தேவாங்கு கிழியாமல் தப்பிய பாராசூட்டை எடுத்துவந்தது. புது மூங்கிலில் கடைசிக் குழலைப் பொருத்தியது. மூக்கில் களிமண்ணை அப்பியது.

"மறுபடியும் மூக்கிலா?"

"நகருங்கள்."

ராக்கெட்டை நூலில் கட்டிச் சுழற்றியது. மூக்கு தடுமாறியது. இன்னும் ஒரு சிட்டிகை களிமண். மறுபடியும் தடுமாறியது. கை கெஞ்சியது, தேவாங்கு விடவில்லை. நான்காம் சுற்றில் மூக்கு அசையாமல் முன்னே நின்றது.

இம்முறை ராக்கெட் நேரே எழுந்தது. வானில் சிவப்புத் துணி விரிந்தது. மலைக்கு அப்பாலிருந்து பிளிறல் கேட்டது.

யானைகள் வந்து சேர்ந்தபோது சேறு குட்டியின் கழுத்தைத் தொட்டிருந்தது. இழுத்துக் கரையேற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"என் யோசனைப்படிதான் செய்தோம்!" என்று தாய் யானையிடம் சொல்லிக்கொண்டிருந்தது மயில். தேவாங்கு கிளையைப் பற்றியபடியே உறங்கிப்போனது.

சரியென்று அறிந்ததை அலுப்பினால் விட்டுக்கொடுப்பது, அறியாமையைவிடப் பெரிய குற்றம்.