இவரில்லாமல் அரசு நடக்காது

பின்னொரு காலத்தில், அதாவது இன்றைக்கு உலகப் படத்தில் வண்ணம் வண்ணமாகத் தெரியும் நாடுகளெல்லாம் உடைந்து உதிர்ந்து, அவற்றின் கொடிகள் தலையணை உறைகளாகிவிட்ட ஒரு காலத்தில், ஒரு மன்னர் இருந்தார். இன்னும் நடக்காத கதையை நடந்ததாகச் சொல்கிறாயே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நடக்கும்போது சரியாகிவிடும்.

பெரிய நாடுகள் விழுந்தபோது, யார் கையில் எது இருந்ததோ அதுவே அவர்களுக்கு நாடாயிற்று. அரிசி ஆலை வைத்திருந்தவர், அரிசி தின்றவர்களுக்கெல்லாம் மன்னரானார். மலையடியில் அணையின் மதகுச் சாவியை வைத்திருந்த பொறியாளர்கள் ஒரு குடியரசு அமைத்தார்கள். கடற்கரையில் படகோட்டிகள் சங்கம் கூடி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்து ஆளைத் தலைவராக்கிக்கொண்டார்கள். ஒரு ரயில் நிலையம்கூடத் தனி நாடாக இருந்தது. ரயில் மட்டும் வரவில்லை.

நம் மன்னர் அழகுவேலர் அந்த அரிசி ஆலைக்காரரின் பேரன். அவர் சபையில் மாசானம் என்று ஒரு விகடகவி இருந்தான். மன்னர் சிரிக்காமல் அவன் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை. அதனாலேயே தலைமை மந்திரி பூதலிங்கத்துக்கும் தளபதி கருமலையானுக்கும் அவனைக் கண்டால் ஆகாது. அவர்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டாலும் ஆகாது என்பது வேறு விஷயம்.

ஒருநாள் மன்னர், பிட்ட இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

"ஆகாயத்தில் கப்பல் விட்டவர்களின் அரசுகளே நிற்கவில்லை. நம்மிடம் இருப்பது ஓர் ஆலை. நாம் எத்தனை நாள் நிற்போம்? அணைக்காரர்களோடு கூட்டணி வைத்தாக வேண்டும். நாற்றங்காலுக்குத் தண்ணீரும் வேண்டும். ஆனால் அது உடையாத கூட்டணியாக இருக்க வேண்டும்."

அந்தக் காலத்தில் கூட்டணிக்கு எழுத்தை யாரும் நம்பவில்லை. பெரிய நாடுகள் எழுதாத எழுத்தா? ஆகவே பிணையாள் அனுப்பும் வழக்கம் வந்திருந்தது. எந்தப் பக்கம் கூட்டணியை முறிக்கிறதோ, அந்தப் பக்கத்துப் பிணையாளின் தலை போகும். இதிலும் ஏய்ப்பு நடந்தது. போன முறை மன்னரின் மருமகன் என்று அணைக்கு அனுப்பப்பட்டவர் கூத்தில் ராஜா வேடம் கட்டுகிறவர். அந்தக் கூட்டணி ஒரு போகம்கூடத் தாங்கவில்லை.

ஆகவே இந்த முறை அணையின் தூதர் வடிவாம்பாள் நேரிலேயே வந்து சொல்லிவிட்டார்: "உங்களில் எவர் இல்லாவிட்டால் உங்கள் அரசு நின்றுபோகுமோ அவரைத் தாருங்கள். எங்களில் அப்படிப்பட்டவரை நாங்கள் தருகிறோம்."

பூதலிங்கம் உடனே எழுந்தார். "அரசே, மாசானம் இல்லாமல் தங்களுக்கு ஒருவேளைச் சோறு இறங்குவதில்லை. அவனைவிடத் தகுந்த பிணை ஏது?"

கருமலையானும் தலையை ஆட்டினார். மாசானம் தளபதியின் பக்கம் திரும்பினான். அன்று காலையில்தான் தளபதியின் கொல்லையில் தச்சர்கள் பனைமர உயரத்துக்கு ஏணிகள் செய்வதை அவன் பார்த்திருந்தான்.

"இவ்வளவு நீள ஏணி எதற்குத் தளபதியாரே?" என்று கேட்டதற்கு, "மாங்காய் பறிக்க" என்று பதில் வந்தது.

அந்த உயரத்துக்கு அந்த வட்டாரத்தில் மாமரம் கிடையாது. அணைச் சுவர்தான் இருந்தது. அறுவடை முடிந்ததும் ஏணி சாயும், கூட்டணி முறியும், அணையில் உட்கார்ந்திருக்கும் மாசானத்தின் தலை உருளும். கணக்கு அவ்வளவுதான்.

மாசானம் கைகூப்பினான். "போகிறேன் அரசே. ஆனால் போன முறைபோல ஏய்த்துவிட்டோம் என்ற பேச்சு வரக்கூடாது. வெள்ளிக்கிழமைவரை நான் வீட்டிலேயே இருக்கிறேன். அரசு நிற்கிறதா என்று தூதரம்மா கண்ணால் பார்த்து அழைத்துப் போகட்டும்."

வடிவாம்பாளுக்கு அது பிடித்திருந்தது. மாசானம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். சந்தைக்குப் போய்விட்டு வந்த மனைவி பேச்சியிடம் கேட்டான்.

"என்ன புள்ள, அரசாங்கம் நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? வரிக்காரன்தான் வாசல்ல நிக்கிறான்."

"ராசா?"

"ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாராம். கூட்டு நல்லாருக்குன்னு சமையக்காரனுக்கு மோதிரம் போட்டாராம்."

உயிர் பிழைக்கப்போகிறோம் என்ற மகிழ்ச்சி மாசானத்துக்கு வந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சபையில் வடிவாம்பாள் எழுந்தார். "இவர் இல்லாமல் உங்கள் அரசு நன்றாகவே நடந்தது. அன்றாட வேலை சற்றுச் சீக்கிரமாகவும் முடிந்தது. மறுபடியும் கூத்துக்காரரா? நான் புறப்படுகிறேன்."

மன்னர் முகம் சிவந்தது. "நாற்று கருகுகிறது மாசானம்! இந்த நொடியே தகுந்த ஆளைக் காட்டு. இல்லையென்றால் உன் தலைக்கு அணைவரை போகும் வேலைகூட இருக்காது!"

"நான் எதற்குக் காட்ட வேண்டும் அரசே? மந்திரியார் தினமும் அறிக்கை வாசித்து முடிக்கும்போது என்ன சொல்வார்?"

மன்னர் யோசித்தார். "'நான் ஒருநாள் கண்ணயர்ந்தால் இந்த அரசு கவிழும்' என்பார்."

சபை முழுதும் பூதலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. "அது... ஒரு பேச்சுக்குச் சொல்வது..."

"அப்படியா? ஒரு வாரம் வீட்டில் இருந்து பாருங்களேன் ஐயா. அரசு நிற்காவிட்டால் தங்களை விட்டுவிடலாம்" என்றான் மாசானம் பணிவாக.

"வேண்டாம்! சோதனையெல்லாம் வேண்டாம்!" என்று அலறினார் மந்திரி. ஒரு வாரம் வீட்டில் இருந்தால் என்ன தெரியவரும் என்பது சபையிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கருமலையானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவர் போனால் என்ன? உண்மையில் அரசைத் தாங்குகிறவன் நானல்லவா!" என்று மீசையைத் தடவினார்.

"ஆமாம், ஆமாம்! தளபதியார் இல்லாவிட்டால் எல்லாம் போச்சு!" என்று பாய்ந்தார் பூதலிங்கம்.

"சேச்சே, மந்திரியாரின் மூளைக்கு முன்னால் நான் எம்மாத்திரம்!" என்று பின்வாங்கினார் கருமலையான்.

வாழ்நாளில் முதல்முறையாக இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்தார்கள். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது. வடிவாம்பாள், "இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள்" என்றார்.

அவர்கள் போனார்கள். கூட்டணியை முறிக்க நினைத்தவரின் கழுத்தே அதற்கு ஈடாகிவிட்டது. பதிலுக்கு அணையிலிருந்து மதகுத் தலைவர் திருவாழி வந்தார். அவர் கை படாமல் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நகராதாம்.

மறுநாள் சபை கூடியது. அறிக்கை வாசிக்க ஆளில்லை. வழக்குகளை விசாரித்தார்கள், வாய்க்கால் வெட்ட ஆள் அனுப்பினார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிட்டது.

"நடக்கிறதே மாசானம்!" என்றார் மன்னர் வியப்போடு.

"மெல்ல, அரசே! திருவாழியார் காதில் விழுந்தால் பிணைக்கு மதிப்புப் போய்விடும். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்."

அன்றிலிருந்து திருவாழி வரும்போதெல்லாம் சபையே நெற்றியைப் பிடித்துக்கொண்டது.

நடவு நாளன்று சொன்ன நேரத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கரையில் நின்ற திருவாழி அதைப் பார்த்தார். அவர் இங்கே நிற்கிறார். மதகு அங்கே திறந்திருக்கிறது. மனிதரின் முகம் சுண்டிப்போனது. அன்று வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவனுக்குத்தான் அந்த முகம் புரியும். மாசானம் அருகில் போனான்.

"தாங்கள் இல்லாமல் அங்கே எல்லாம் குழம்பிக் கிடக்கிறது போலிருக்கிறதே ஐயா."

திருவாழி அவனை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லத் தொண்டையைச் செருமினார். "ஆமாம். மதகை மூட ஆளில்லை."

மன்னர் மாசானத்தைத் தனியே அழைத்துப் போனார். "இரண்டு பக்கமும் அவர்கள் இல்லாமலே அரசு நடக்கிறது. இரண்டு பக்கமும் அதை வெளியே சொல்ல முடியாது. அப்படித்தானே?"

"வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை தண்ணீர் வரும், அரிசி போகும், அரசே."

"பிறகு அந்தப் பெரிய நாடுகள் எதனால் விழுந்தன?"

"யாருக்குத் தெரியும்? தங்கள் மந்திரிகளைத் தாங்களே வைத்துக்கொண்டார்களோ என்னவோ."

மன்னர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பூதலிங்கத்தின் ஆசனம் காலியாக இருக்கிறது. நீ உட்கார்ந்துகொள்."

"காலியாகவே இருக்கட்டும் அரசே. நன்றாக நடத்துகிறது."

மன்னருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். தன் பட்டுச் சால்வையை எடுத்து மாசானத்துக்குப் போர்த்தி, அவன் தோளிலேயே சாய்ந்துகொண்டார்.

தூரத்திலிருந்து பார்த்த திருவாழிக்கு மனசு கேட்கவில்லை. பாவம், அரசு நின்றுபோனால் மன்னருக்கு அழுகை வராதா என்று அவரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.