பாலிஷ் போட்ட கம்பி

“கம்பி சரியில்லைன்னா வித்தவனைப் போய்ப் பிடிக்கணும். என்னை ஏம்மா தேய்க்கச் சொல்றே?”

சவரிமுத்துவுக்கு எரிச்சல். முக்கால் மணி நேரமாக ஒரு கம்பித்துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் பத்தாவது நிமிஷமே தூக்கி எறிந்திருப்பேன்.

அவர் உலை ஆபரேட்டர். பதினெட்டு வருஷ சர்வீஸ். செரீனா லேப் பார்க்கிறவள். வயசு இருபத்தாறு. ஆனாலும் அங்கே குரு அவள்தான். இரும்புக்குள்ளே பார்க்கக் கற்றுக்கொடு என்று கேட்டு வந்தவர் அவர்.

சிக்கல் இதுதான். உலையில் பழுக்கவைத்து, மெல்ல ஆறவிட்டு மென்மையாக்கி அனுப்பிய கம்பி திரும்பி வந்துவிட்டது. வளைத்தால் பாதி நிமிர்ந்துகொள்கிறதாம். சவரிமுத்து தேய்ப்பது அதில் வெட்டிய துண்டு. அந்த லோடு இன்னொரு ஆபரேட்டர் அப்பாதுரையின் ஷிப்டில் வெந்தது. நாலு மணிக்கு முதலாளி முடிவு சொல்வார். அப்பாதுரைக்கு வேலை போகும்.

“தேய்ச்சாச்சு. மூஞ்சி தெரியுது பாரு.”

“மைக்ராஸ்கோப்புல வைங்கண்ணா.”

வைத்தார். குனிந்தார்.

“ஒண்ணுமே இல்லை. வெள்ளையா இருக்கு. நல்ல கம்பிதான்.”

“பாலிஷ் போட்டா எல்லாமே நல்ல கம்பிதான்.”

அவள் வேறு இரண்டு துண்டுகளை எடுத்தாள். ஒன்றை வைத்தாள்.

“பெருசு பெருசா மணி. தரையில கல்லு பதிச்ச மாதிரி.”

“இப்ப?”

“பொடி மணி. ரவை மாதிரி.”

“ரெண்டும் ஒரே கம்பிண்ணா. கார்பன் கம்மி. முதல்ல பார்த்தது, சூடு அடங்கற வரைக்கும் மூடின உலைக்குள்ளயே கிடந்தது. சொன்னபடி வளையும். இது, சூட்டோட கதவைத் திறந்து காத்து காட்டினது. முறைச்சுக்கும்.”

“திறந்துட்டு மூடிட்டா?”

“எவ்வளவு நேரம்?”

“சும்மா கேட்டேன். ஒரு அரைமணி நேரம்னு வையி.”

“அதுக்குள்ள மணி பொடியாயிடும். அப்புறம் மூடி என்ன பண்றது?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என் துண்டுல மட்டும் ஏன் தெரியலை?”

“ஆசிட் படலை. பட்டாத்தான் மணி தெரியும்.” செரீனா கிண்ணத்தை நகர்த்தினாள். “அஞ்சு செகண்ட் முக்குங்க. அப்பாதுரை அண்ணன் கதவைத் திறந்தாரா இல்லையான்னு தெரிஞ்சிடும்.”

ஜன்னலுக்கு வெளியே அப்பாதுரை. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சவரிமுத்து துண்டை இடுக்கியில் பிடித்தார். கிண்ணத்துக்கு மேலே போன கை அங்கேயே நின்றது.

“என்னண்ணா, ஆசிட்டுன்னா பயமா?”

“அன்னிக்கு அவன் சாப்பிடப் போயிருந்தான். உலையை நான் பார்த்துக்கிட்டேன்.”

செரீனா நிமிர்ந்து பார்த்தாள்.

“அடுத்த லோடு என்னுது. சீக்கிரம் ஆறட்டுமேன்னு...”

“முதல்ல முக்குங்க.”

மணி மூணு ஐம்பது.

துண்டும் இடுக்கியும் மேஜையில் கிடந்தன. சவரிமுத்து முதலாளி அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

முக்கவே இல்லை.