நான்கு சுருள் கொள்ளும் தொட்டி

அனஸ்தாசிக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த கலிவரதனுக்கு அறுபத்து மூன்று.

கலிவரதன் புதுச்சேரி மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறந்துபோன தம்பி நடமாடும் எட்டு மில்லிமீட்டர் படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி அனஸ்தாசியின் லேபுக்குக் கொண்டுவந்தார். தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பதை அங்கேயே நின்று மூன்று முறை பார்த்தார். வீட்டுக்குக் கிளம்பவில்லை.

"இந்த வேலைய எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார்.

"இருட்டுல கை நடுங்காம இருக்குமா, ஐயா?"

"மழையில கம்பத்து மேல ஏறி ஃபியூஸ் போட்டவன்மா நான்."

"அப்ப நாளைக்கு வாங்க."

மறுநாளிலிருந்து அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

லேப் என்பது மூன்று அறைகள். ஒன்றில் வெளிச்சமே கிடையாது. ஃபிலிமைக் கழுவுவது அங்கே. இன்னொன்றில் அவளே பூட்டிச் சேர்த்த ஒரு மெஷின். விரல் நகத்தை விடச் சின்னதான ஒவ்வொரு கட்டத்தையும் அது தனித்தனியாகப் படம் பிடிக்கும். மூன்று நிமிஷப் படத்தில் அப்படி மூவாயிரத்து அறுநூறு கட்டங்கள். மூன்றாவது அறையில் டீ போடுவார்கள்.

வருகிறவர்கள் ஆசையாக வருவார்கள். விலையைக் கேட்டதும் ஃபிலிமைப் பையில் போட்டுக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்பார்கள். திரும்பி வருவதில்லை.

ஆறு மாதம் இதைப் பார்த்த பிறகு ஒருநாள் கலிவரதன் கேட்டார்.

"டீச்சர், இந்த விலைய எப்படிக் குறைக்கிறது?"

அனஸ்தாசி அப்போதுதான் ஒரு சுருளைக் கழுவி முடித்துக் காயப் போட்டிருந்தாள். அவரை இருட்டறைக்குள் கூட்டிப் போய் விளக்கைப் போட்டாள். ஃபிலிமைக் கழுவிய டெவலப்பர் மருந்து, சாக்கடையில் கொட்ட வேண்டியது, தொட்டியில் அப்படியே இருந்தது. குப்பைக் கூடையிலிருந்து வெளிச்சம் பட்டு வீணான ஒரு துண்டு ஃபிலிமை எடுத்து அதில் முக்கினாள்.

இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளிறிக் கிடந்த துண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, ஒரு நிமிஷத்தில் கரியாகிவிட்டது.

"இன்னும் வேலை செய்யுதே" என்றார் கலிவரதன்.

"இன்னும் மூணு சுருள் கழுவும். நாளைக்குச் சாயந்திரம் செத்துடும்."

சொல்லிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தாள். மருந்து சத்தம் போட்டுக்கொண்டு குழாயில் இறங்கியது.

அதற்கடுத்த வாரம் சவரிராயன் வந்தார். கூடவே அவர் மனைவி பிலோமி. சவரிராயன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்த ஊரில் அவர்களைச் சொல்தா என்பார்கள். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. முதுகு மட்டும் நேராக இருந்தது. பிலோமி அவர் முழங்கையைப் பிடித்து வாசற்படியில் ஏற்றினாள்.

ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்த கேமராவை மேஜைமேல் வைத்தாள்.

"உள்ளே ஃபிலிம் இருக்கு. முழுசும் எடுத்தது. எண்பத்தி நாலாம் வருஷத்துது."

"கழுவாமலேயா இருக்கு?" என்றார் கலிவரதன்.

"அப்ப பாரிசுக்கு அனுப்பித்தான் கழுவணும். செலவு. யாராவது போகும்போது குடுத்து விடலாம்னு வெச்சோம். யாரும் போகலை. அப்புறம் மறந்தாச்சு."

சவரிராயன் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மறக்கலை. நீ கேக்கலை."

பிலோமி அதைக் காதில் வாங்காதது போல அனஸ்தாசியிடம் திரும்பினாள். "இவருக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கும்மா. ஒரு மாசம், மிஞ்சினா ஒன்றரை மாசம்னுட்டார் டாக்டர். அதுக்குள்ள இதை ஒரு தடவ பார்த்துட்டார்னா போதும்."

அனஸ்தாசி விலையைச் சொன்னாள். பிலோமி துண்டை எடுத்துக் கேமராவைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள்.

"இருங்கம்மா. கேமரா இங்கேயே இருக்கட்டும்" என்றாள் அனஸ்தாசி.

அவர்கள் போன பிறகு கலிவரதன் சொன்னார்: "இதுக்கு நான் தந்துடறேன், டீச்சர். பென்ஷன் வருது."

"இதுக்கு நீங்க தருவீங்க. அடுத்து வர்றவங்களுக்கு?"

அவர் மேஜைமேல் இருந்த கேமராவைப் பார்த்தார்.

"தொட்டியில மூணு இடம் காலியா இருக்கு, ஐயா" என்றாள் அவள். கேமராவைத் திறந்து ஃபிலிமை எடுக்கப் போய்விட்டாள்.

கலிவரதன் முதலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் செல்போனில் செய்தி அனுப்பினார். பழைய ஃபிலிம் இருந்தால் கொண்டுவாருங்கள், நான்கு பேர் சேர்ந்தால் கால் விலை. கும்பிடும் கைகள் நிறைய வந்தன. ஃபிலிம் வரவில்லை.

பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சொல்தாக்கள் இருக்கும் தெருக்களாகப் பார்த்துப் போனார். கதவைத் தட்டி, "பழைய படச்சுருள் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: அதெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. ஒரு வீட்டில் அவரைப் பழைய இரும்புக்காரர் என்று நினைத்து ஓட்டை ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு நாள் வெயிலில் அலைந்ததில் முகம் கறுத்துப்போனது.

மூன்றாம் நாள் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். கொடுத்த பெண்ணின் பெயர் கஸ்தூரி. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுவரில் பதக்கங்களோடு அவள் அப்பாவின் படம், மாலை போட்டு. கலிவரதனுக்குக் கேட்கவே சலிப்பாக இருந்தது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "உங்கப்பா கேமரா ஏதாவது வெச்சிருந்தாரா?" என்றார்.

"ஓ, இருக்கே! பீரோ மேல கிடக்கு. ஓடாது."

ஸ்டூல் போட்டு எடுத்துக் கொடுத்தாள். கலிவரதன் தூசியைத் துடைத்துக் கேமராவின் பக்கவாட்டுச் சின்ன ஜன்னலைப் பார்த்தார். உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஆறு மாதத்துக்கு மேல் பழகிய கண். அது என்னவென்று அவருக்குத் தெரியும்.

"அம்மா, இதுக்குள்ள படம் இருக்கு."

"ஃபிலிமா? அப்பா செத்தே இருபது வருஷம் ஆச்சே!"

அதற்கப்புறம் அவர் யாரிடமும் ஃபிலிம் கேட்கவில்லை. கேமரா கேட்டார். ஃபிலிம் யாரிடமும் இல்லை. கேமரா பல வீட்டில் இருந்தது. பரணிலும் டிரங்குப் பெட்டியிலும், ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னாலும். நாலைந்து கேமராவைப் பார்த்தால் ஒன்றில் சுருள் மாட்டிக்கொண்டிருந்தது, பாதி எடுத்ததும் முழுசாக எடுத்ததுமாக. ஒவ்வொரு வீட்டிலும் அவர் ஒரே விஷயத்தைச் சொன்னார்: கலர் வராது, கறுப்பு வெள்ளைதான். வந்தால் வரும், வராமலும் போகலாம். நாலு பேர் சேர்ந்து செய்வதால் கால் விலை. ஒருவரும் மறுக்கவில்லை.

பத்தாம் நாள் அவர் கையில் ஏழு சுருள்கள். சவரிராயனுடையதோடு எட்டு. தொட்டி இரண்டு முறை நிறைந்தது.

சவரிராயனின் சுருளைக் கலிவரதனையே தொட்டியில் ஏற்றச் சொன்னாள் அனஸ்தாசி. இருட்டில் விரல் நுனியால் தடவித் தடவி அவர் ஏற்றினார். மருந்தை ஊற்றி, கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ணி, கழுவி, விளக்கைப் போட்டு எடுத்தபோது ஃபிலிம் முழுக்க ஒரே கறுப்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். திருப்பிப் பிடித்தார். ஒரு கோடுகூட இல்லை. நாற்பது வருஷ வெக்கையில் உள்ளேயே வெந்துபோயிருந்தது.

"நான்தான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இதே தண்ணியிலதான் மத்த மூணும் இருந்துது. அதுங்க வந்திருக்கு, பாருங்க."

அது அவருக்கு ஆறுதலாக இல்லை. டீ அறையில் போய் உட்கார்ந்தார். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். டீ ஆறிப்போனது.

எட்டில் மூன்று இப்படிக் கறுப்பு. ஐந்தில் படம் வந்திருந்தது. அந்த ஐந்தையும் கட்டம் கட்டமாக மெஷினில் ஓட்டும் வேலை அவருடையது. மனம் அதில் இல்லாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். கஸ்தூரி அப்பாவின் சுருள் வந்தபோது திரையில் கடற்கரை தெரிந்தது. ஜூலை பதினான்கு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். பதக்கம் குத்திய சொல்தாக்கள், கொடிகள், பலூன்காரன். கூட்டம் கலைந்து போகிறது. கடலோரச் சுவர் பக்கம் ஒரு மனிதன் கண்ணில் கேமராவை வைத்துக்கொண்டு நிற்கிறான். முதுகு கம்பு போல நேராக இருக்கிறது.

கலிவரதன் மெஷினை நிறுத்தினார்.

"டீச்சர்!"

அனஸ்தாசி வந்து பார்த்தாள். அவர் மெஷினை மறுபடி ஓட்டினார். அந்த மனிதன் பக்கத்திலிருந்த பெண் பக்கம் கேமராவைத் திருப்புகிறான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். பிறகு சட்டென்று அவன் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி அவனைப் பார்த்தே பிடிக்கிறாள். அவன் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறான். அடக்க முடியாமல் சிரிக்கிறான். அவ்வளவுதான். படம் பலூன்காரனிடம் போய்விடுகிறது.

"நான் இப்பவே ஒரு காப்பி போட்டு சவரிராயன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று எழுந்தார் கலிவரதன்.

"இது கஸ்தூரியம்மாவோட படம், ஐயா."

அவர் நின்றார். "ஆமா" என்றார். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனார்.

கஸ்தூரி காப்பி கொடுக்கச் சம்மதித்தாள். கொடுத்ததோடு நிற்கவில்லை. "நானும் வர்றேன். அப்பாவைத் தெரிஞ்சவங்க இன்னும் உசிரோட இருக்காங்கன்னே எனக்குத் தெரியாதே" என்று தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு சவரிராயன் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். கலிவரதன் முதலில் உண்மையைச் சொன்னார்: "உங்க சுருள் வரலீங்க. முழுக்கக் கறுப்பு."

பிலோமி தலையை ஆட்டினாள்.

"ஆனா இந்த அம்மாவோட அப்பா எடுத்தது ஒண்ணு இருக்கு. பாருங்க."

டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். சவரிராயன் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே உட்கார்ந்தார். கடற்கரை வந்தது. கொடிகள் வந்தன. சுவர் ஓரத்து மனிதன் வந்தான்.

பிலோமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது.

"ஐயோ, அது நான்தான். அன்னிக்கு இவர எடுத்தேன். கேமராவைப் பிடுங்கி நான்தான் எடுத்தேன்!"

"திரும்பப் போடுங்க" என்றார் சவரிராயன்.

போட்டார்கள். அவர் திரையில் இருந்த பெண்மேல் விரலை வைத்தார். அவள் நகர நகர விரலும் நகர்ந்தது.

"இவ முகத்தை மூடிக்கிறாளே" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. இப்ப எடுப்பேன்" என்றாள் பிலோமி.

அன்றைக்கு எத்தனை முறை போட்டார்கள் என்று கலிவரதன் எண்ணவில்லை. கிளம்பும்போது சவரிராயன் கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மாதத்திலிருந்து அனஸ்தாசி முதல் சனிக்கிழமைதான் மருந்து கலக்கினாள். சேர்ந்து வருகிறவர்களுக்குக் கால் விலை. கலிவரதன் மற்ற நாட்களில் தெருக்களுக்குப் போனார். ஃபிலிமைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள்.

ஒரு காலையில் அவர் அலமாரி முன் உட்கார்ந்து சுருள்களை டப்பாக்களில் போட்டு ஒவ்வொன்றின் மேலும் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், வருஷம், உள்ளே என்ன இருக்கிறது. கஸ்தூரி அப்பாவுடையதில், "கடற்கரை, ஜூலை 14" என்று எழுதினார். அடுத்ததில் சவரிராயன் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிட்டுக் கீழே "ஒன்றுமில்லை" என்று எழுதினார்.

டீ கொண்டுவந்த அனஸ்தாசி அதைப் படித்தாள்.

"ஒண்ணுமில்லையா?"

"ஒரு கட்டம்கூடத் தேறலையே, டீச்சர். வேற என்ன எழுதறது?"

அவள் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தச் சுருள் நம்மகிட்ட வராமலே இருந்திருந்தா, நீங்க எந்தத் தெருவுக்குப் போயிருப்பீங்க, ஐயா?"