மொட்டுக்குப் போகாத அழுக்கு

ரொட்டி ஆலைச் சங்கத் தலைவர் இருதயராஜுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் ஞாயிறுதோறும் அறிவியல் வகுப்புக்கு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். பாடம் நடத்தும் நாச்சியாருக்கு அவருடைய மகள் வயது. வெளியே யாருக்கும் அடங்காத மனிதர், இங்கே மட்டும் "டீச்சர்" என்று பணிவார்.

அந்த ஞாயிறு கொதித்துப்போய் வந்தார்.

"பேக்கிங் பிரிவுப் பொண்ணுங்க தனிச் சங்கம் வைக்கிறாங்களாம் டீச்சர். சாயங்காலம் பிரிவினைக் கூட்டம். எல்லாத்துலயும் சரிபாதி எடுத்துக்கங்கன்னேன். வழக்குலயும் சரிபாதி. அது மட்டும் வேணாமாம்."

"என்ன வழக்கு?"

"முதலாளி போட்ட பொய் வழக்குதான். அன்னிக்குப் போராட்டத்துல கண்ணாடியை உடைச்சோம், மேனேஜரை மறிச்சோம்னு. பாதிக்கு அவங்க வக்கீல் வைக்கட்டும், வாய்தாவுக்கு அலையட்டும். இல்லேன்னா பிரிய விடமாட்டேன்."

"அந்தப் போராட்டத்துல அவங்க இருந்தாங்களா?"

"அப்ப வேலைக்கே வரல. அதனால என்ன? நாங்க வாங்கின அடியிலதானே அவங்களுக்கு எட்டு மணி நேர வேலை? பழைய சங்கத்தை விட்டு வந்த நாள்லேர்ந்து ஒரு டீ வந்தாலும் ரெண்டு கிளாஸ்ல ஊத்தி, மட்டம் பாத்துக் குடிச்ச சங்கம் இது. சமபங்கு தவிர எங்களுக்கு வேற நியாயம் தெரியாது."

நாச்சியார் மடிக்கணினியில் ஒரு படத்தை ஓடவிட்டார். உருண்டையாக ஒரு செல். அதன் பக்கத்தில் சின்ன மொட்டு புடைத்து வளர்ந்தது. பெரிய செல்லுக்குள் பச்சையாகச் சில திட்டுகள் மினுங்கின.

"உங்க மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்தான். பச்சையாத் தெரியறது கெட்டுப்போன புரதம். உழைச்சு உழைச்சுச் சேர்ந்த அழுக்கு."

மொட்டு பெரிதாகிப் பிரிந்தது. திட்டுகள் தாயிடமே நின்றுவிட்டன.

"மகளுக்கு ஒண்ணுமில்லையா?"

"அவ சுத்தமாப் போறா. முழு ஆயுசோட."

"தாய்?"

"இன்னும் சில மொட்டு விடுவா. அப்புறம் கிழடாகிச் செத்துடுவா."

இருதயராஜ் பெஞ்சை விட்டு எழுந்தார்.

"இது என்ன அக்கிரமம்? குப்பை முழுக்கப் பெத்தவ தலையிலயா? தியாகம் பண்ணுன்னு முதலாளி சொல்றான். நீங்களுமா டீச்சர்?"

"நான் அந்த வார்த்தையைச் சொல்லல தலைவரே. ஈஸ்ட்டுக்கும் அது தெரியாது."

"சரிபாதியாப் பிரிச்சிருந்தா?"

"மகளும் பாதிக் கிழடாப் பொறந்திருப்பா. அவளுக்குப் பொறக்கிறதும் அப்படித்தான்."

"அப்ப அந்தத் தாய்க்கு நியாயம்?" அவர் திரையைச் சுட்டிக் காட்டினார். "பாதி ஆயுசைக் கோர்ட் வாசல்லயே கழிச்சவனுக்கு யார் நியாயம் சொல்றது?"

நாச்சியார் படத்தை நிறுத்தினார்.

"அந்தத் தாயும் ஒரு காலத்துல மொட்டுதான். பழைய சங்கத்தை உடைச்சுக்கிட்டு நீங்க வெளியே வந்தீங்களே தலைவரே, அன்னிக்கு அவங்க வழக்குல எத்தனையை உங்க தலையில கட்டி அனுப்பினாங்க?"