பூவாத்தா கண்ணும் காளான் கொட்டகையும்

ஒரு ஊர்ல ஒரு காளான் கொட்டகை இருந்துச்சு கயலு. "ம்" சொல்லு, அப்பத்தான் அத்தை கதையை மேல சொல்லுவேன்.

"ம்."

அங்க பூவாத்தான்னு ஒருத்தி வேலை பாத்தா. புருஷன் செத்துப்போயிட்டாரு, அந்தக் கூலியிலதான் அவளுக்குச் சோறு. வைக்கோல் பையில காளான் வெதைச்சு, தொங்கவிட்டு, சொய்ங் சொய்ங்னு தண்ணி தெளிப்பா. காளானும் கொடை கொடையா வரும். அப்போ ஒரு நாள் வழியில போனவரு ஒருத்தரு சன்னல்ல எட்டிப்பாத்து, "அடேயப்பா!"ன்னுட்டாரு. அவ்ளோதான்! கண்ணு பட்டுரும்னு முதலாளி மாரப்பனுக்குப் பயம். சன்னல் பூராவும் சாக்கு வச்சு அடிச்சாரு, டொக் டொக் டொக்.

அப்புறம் வந்த காளானைப் பாக்கணுமே! காம்பு மட்டும் நீட்ட நீட்டமா, தலை மட்டும் மொளகு கணக்கா. எவன் வாங்குவான்? அந்தச் சாக்கு மேல சந்தேகப்பட்டாரா மனுசன்? இல்ல! வாசல்ல பூசணிக்காயைக் கட்டுனாரு. மறுபடியும் காம்புதான். அப்புறம் மொளகா சுத்திப் போட்டாரு. எல்லாரும் லொக்கு லொக்குன்னு இருமுனதுதான் மிச்சம். மூணாவதா, தெருவே பாக்க, "புருஷனை முழுங்குன உன் கண்ணுதாண்டி பட்டுருச்சு! இனிமே கண்ணைக் கட்டிக்கிட்டுத் தண்ணி தெளி. இந்தத் தடவையும் சரியா வரலைன்னா வேலைக்கு வராதே"ன்னாரு. எனக்கு வர்ற ஆத்திரம் இருக்கே! ம்?

"ம்..."

பூவாத்தா கண்ணையாவது கட்டுறதாவது! உள்ள போய் உத்துப் பாத்தா. அத்தனை காம்பும் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது. அந்தப் பக்கம் சாக்குல எலி கடிச்ச ஓட்டை, அது வழியா துளியூண்டு வெளிச்சம். "அடப்பாவி, வெளிச்சத்துக்கு ஏங்கியில்ல கழுத்தை நீட்டுதுங்க!"ன்னு சாக்கைப் பிடிச்சு இழுத்தா பாரு, பர்ர்ர்ர்! கூரை நிழல்ல வெயில் படல, மெல்லிசா வெளிச்சம் மட்டும் வந்துச்சு. பைக்குள்ள காளான் வெள்ளை நூலாட்டம் பரவுறப்ப இருட்டு போதும் கயலு. மொட்டு விடுறப்ப வெளிச்சம் வேணுமில்ல?

காம்பையெல்லாம் பிச்செடுத்தா. ஒரு வாரத்துல புது மொட்டு வந்து, உள்ளங்கை அகலத்துக்கு விரிஞ்சுது!

முதலாளி வந்து பாத்தாரு. பூவாத்தா காதோரமா குனிஞ்சு, "உன் கண்ணுல ஒண்ணும் தப்பில்ல"ன்னாரு.

"திட்டுனது தெருவுல. இதை மட்டும் காதுல சொல்லுவீங்களோ? வாங்க தெருவுக்கு!"

அப்புறம் என்ன, அந்த மனுசன் தெருவுல நின்னு அதையே சொன்னாரு.

"கேக்கல, இன்னும் சத்தமா"ன்னா பூவாத்தா.

நல்லா வேணும்! கயலு? "ம்" காணோமே. கதை தீந்துபோச்சு, எனக்குத்தான் கோவம் தீரல. நீ தூங்கு.